'வலை காயுது' என்று பாடினால் வலையைத்தான் காட்டவேண்டுமா?

கேள்வி: "அண்ணா, நாங்கள் மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடிப் பக்கம். மூன்று பேர் சேர்ந்து ஒரு ராப் பாட்டு ரெக்கோர்ட் பண்ணி முடித்துவிட்டோம். 3 நிமிடம் 10 செக்கன், 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 பீட்). எனக்கு 12 வயதாக இருக்கும்போது அப்பா கத்தாருக்குப் போனார், இப்போது எனக்கு 21, அதுதான் பாட்டின் கதை. 'வலை காயுது கொடியில, வாவி பாத்துக் கிடக்குது, அப்பா குரல் மட்டும் ராவில போனுக்குள்ள நடக்குது' என்று தொடங்கும். இனி வீடியோ எடுக்கவேண்டும். ஒவ்வொரு வரியிலும் என்ன வருகிறதோ அதை அப்படியே காட்டவேண்டும் என்கிறான் ஒருவன். மற்றவன், கார் வாடகைக்கு எடுத்துக் கல்லடிப் பாலத்தில் ட்ரோன் விடுவோம் என்கிறான். கையில் நல்ல போன் ஒன்றும் 35,000 ரூபாயும் இருக்கிறது. பெரிய ராப்பர்களின் வீடியோக்களில் வரிகளை எப்படிப் படமாக்குகிறார்கள்? அப்பாவாக என் மாமாவை நடிக்க வைக்கலாமா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாமா வேண்டாம். ஏன் என்று பிறகு வருகிறேன்.

தொடக்க வரியை நாலைந்து தரம் வாசித்துப் பார்த்தேன். வலை காயுது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அப்பா போய் ஒன்பது வருடம், ஒன்பது வருடமாகத் தண்ணி படாத வலை எப்படிக் காயும்? வரி பிழை என்று சொல்லவில்லை, பாட்டில் அது நன்றாகத்தான் நிற்கிறது. ஆனால் உங்கள் கூட்டாளி சொல்வதுபோல யாரிடமாவது ஒரு ஈர வலையைக் கடன் வாங்கிக் கொடியில் போட்டு எடுத்தீர்கள் என்றால், பார்க்கிறவர் என்ன நினைப்பார்? இந்த வீட்டில் யாரோ காலையில் வாவிக்குப் போய் வந்திருக்கிறார் என்றுதான். கதை முதல் வரியிலேயே தலைகீழாகிவிடும். அப்பாவுடைய வலை உங்கள் வீட்டில் இப்போது எங்கே கிடக்கிறது? நம் பக்கத்தில் பழைய வலைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், கோழி கிளறாமல் இருக்க மிளகாய்க் கன்றுகளைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். உங்கள் வளவிலும் அப்படித்தான் என்றால் அதுதான் உங்கள் முதல் ஷொட். காதில் 'வலை காயுது' என்று கேட்கிறது, கண்ணில் வேலியாகிப்போன வலை, அதற்கு உள்ளே அம்மா குனிந்து மிளகாய் பிடுங்குகிறார். அப்பா இனிக் கடலுக்கும் போகமாட்டார் வாவிக்கும் போகமாட்டார் என்று நீங்கள் பாட்டில் எங்கேயும் எழுதவில்லை, படம் சொல்லிவிடுகிறது.

நீங்கள் கேட்டதற்கு என்னுடைய முழுப் பதிலும் இந்த ஒரு வலைக்குள்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் விளக்கம்.

இசை வீடியோக்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின் என்பவர் 1992 இல் வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவை மூன்று விதமாகப் பார்த்தார். வரி சொன்னதையே படமும் சொல்வது ஒன்று. வரி சொன்னதோடு படம் இன்னொன்றைச் சேர்ப்பது இரண்டாவது. வரிக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லாமல், அல்லது ஒன்றுக்கொன்று எதிராக நிற்பது மூன்றாவது. உங்கள் முதல் கூட்டாளி முதலாவது வகை. கார்க்காரக் கூட்டாளி தன்னை அறியாமலே மூன்றாவது வகை, ஆனால் எந்தக் காரணமும் இல்லாத மூன்றாவது.

முதலாவது வகையைக் கேவலமாக நினைக்கவேண்டாம். அமெரிக்க ராப்பர் எமினெமின் 'ஸ்டான்' 2000 இல் வந்தது, ஒரு வெறித்தனமான ரசிகன் எழுதும் கடிதங்கள்தான் முழுப் பாட்டும். வீடியோவும் கிட்டத்தட்ட அந்தக் கடிதங்களை அப்படியே நடித்துக் காட்டுகிறது, எழுதுகிறான், மழை பெய்கிறது, கார் ஓட்டுகிறான். அப்படியிருந்தும் ஏன் சலிப்பதில்லை? கடிதம் அவன் பார்வையில் எழுதப்பட்டது, கெமராவோ அவனுக்கு வெளியே நிற்கிறது. சுவர் நிறைய ஒட்டியிருக்கும் எமினெம் படங்களையும் தன் ஆளைப்போலவே அவன் தலைமுடியை வெளுத்துக்கொள்வதையும் பார்க்கும்போது, எழுதுகிறவனுக்கே தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதே கதைதான், பார்க்கிற ஆள் மாறிவிட்டார். ஆகவே வரிக்கு வரி காட்டத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், யாருடைய கண்ணால் காட்டுகிறோம் என்பதையாவது மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது வகைக்கு, எதிராக நிற்பதற்கு, பெயர்போனது 2018 இல் சைல்டிஷ் காம்பினோ என்ற ராப்பர் செய்த 'திஸ் இஸ் அமெரிக்கா', இயக்கியவர் ஹிரோ முராய். பெரிய கூடம் ஒன்றில், சட்டையில்லாமல், சிரித்துச் சிரித்து ஆடிக்கொண்டு வருவார். நம் கண் அவர் ஆட்டத்திலேயே இருக்கும், பின்னால் ஆட்கள் ஓடுவதும் கலவரமும் நடந்துகொண்டிருப்பது இரண்டாம் தரம் பார்க்கும்போதுதான் தெரியும். தொடக்கத்தில் மெதுவான கிட்டாரும் கூட்டுக்குரலுமாகப் போகிற பாட்டு, அவர் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிற அந்தக் கணத்தில்தான் கனமான பீட்டுக்கு மாறும். சுட்ட துப்பாக்கியைச் சிவப்புத் துணியில் பக்குவமாக வாங்கிக்கொள்கிறார்கள், செத்தவரைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். துப்பாக்கி என்ற பேச்சு வரிகளில் வரும், ஆனால் இந்தக் காட்சிகள் வரிகளில் இல்லை. கென்ட்ரிக் லமார் 2015 இல் செய்த 'ஆல்ரைட்' கறுப்பு வெள்ளை வீடியோவிலும் இந்த மாதிரி ஒரு முரண் உண்டு, எல்லாம் சரியாகிவிடும் என்று பாடுகிறவரைத் தெருவிளக்குக் கம்பத்தின் மேல் நிற்கவிட்டு, கீழே நிற்கும் பொலிஸ்காரர் வெறும் விரலைத் துப்பாக்கிபோல நீட்டிச் சுட, அவர் விழுகிறார். விழுந்து கிடந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் பாட்டின் பல்லவி பொய்யாகியிருக்கும்.

இரண்டாவது வகைக்கு நமக்குக் கொஞ்சம் கிட்டிய உதாரணம் மாயா, அதுதான் எம்ஐஏ என்ற இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட ராப் பாடகி. 2015 இல் அவரே இயக்கிய 'போர்டர்ஸ்' பாட்டின் வரிகளைத் தாளில் எழுதிப் பார்த்தால் ஒற்றைச் சொற்களின் பட்டியல் மாதிரித்தான் இருக்கும், அரசியல், எல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி இது என்ன கதை என்று கேட்டுக்கொண்டே போவார். படத்தில் முள்வேலியில் ஏறுகிற இளைஞர்கள், ஆள் நிறைந்த படகுகள். வெறும் பட்டியலுக்குக் கனம் கொடுத்தது படம்தான்.

இதற்கெல்லாம் அமெரிக்கா வரைக்கும் போகவேண்டியதுமில்லை, நம்முடைய வடமோடி, தென்மோடிக் கூத்தைப் பாருங்கள். ஆட்டக்காரர் தருவை, அதாவது தன் பாட்டைப், பாடுவார், பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார், அந்த நேரம் ஆட்டக்காரர் வட்டக்களரி என்கிற ஆடுகளத்தைச் சுற்றி ஆடுவார். 'குதிரை' என்று பாட்டில் வந்தால் கையால் குதிரை பிடித்துக் காட்டிக்கொண்டு நிற்கமாட்டார், காலும் மத்தளமும் வேறொரு வேலை பார்க்கும். அவர் அரசனா, கொடியவனா என்பது வாயைத் திறக்கும் முன்னமே, களரிக்குள் நுழைகிற வரவு ஆட்டத்தில் தெரிந்துவிடும். உங்கள் வீடியோவின் முதல் பத்து செக்கனும் அந்த வரவுதான். கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை, ஆனால் கெமராவைக் கையில் எடுத்தவுடன் ஏனோ எல்லோருக்கும் மறந்துவிடுகிறது!

சரி, மறுகா என்ன செய்வது.

கணக்கைப் பாருங்கள். நாலு பீட் ஒரு பார், 90 பிபிஎம் என்றால் 16 பார் உள்ள ஒரு வேர்ஸ் (சரணம்) ஏறத்தாழ 43 செக்கன். அதற்குள் நீங்கள் எழுதியிருப்பதைச் சொல்லுக்குச் சொல் காட்டப்போனால் முப்பது நாற்பது ஷொட் தேவைப்படும், எதுவும் மனதில் நிற்காது. ஒரு வேர்ஸுக்கு ஐந்தாறு ஷொட் போதும். வரிகளைத் தாளில் எழுதி, ஒவ்வொரு நாலு வரிக்கும் பக்கத்தில் 'இதில் நான் சொல்லாமல் விட்டது என்ன' என்று ஒன்றை மட்டும் குறியுங்கள். சில இடத்தில் ஒன்றும் வராது. அங்கே நீங்கள் பாடுகிற முகம் போதும், அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

எந்த நேரத்தில் வெட்டுவது என்பது ராப்புக்குத் தனி விஷயம். பஞ்ச் விழுகிற சொல்லுக்கு முன்னமே படம் வந்துவிட்டால், முடிவைச் சொல்லிவிட்டுப் பகிடி விடுகிற மாதிரி ஆகிவிடும். சொல் காதில் விழட்டும், ஒரு பீட் கழித்துப் படம் வரட்டும். செக்கனுக்கு 30 பிரேமில் எடுத்தால் உங்கள் பாட்டுக்கு ஒரு பீட் சரியாக 20 பிரேம், எடிட் பண்ணும்போது கண்ணை மூடிக்கொண்டு எண்ணலாம். இன்னொரு வசதியும் உண்டு. நீங்கள் பாடும் வாய் சரியாகப் பொருந்த, பின்னால் காற்றும் கோழியும் மரமும் மெதுவாக அசையவேண்டும் என்றால், பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு அதற்கு வாயசைத்து 60 பிரேமில் எடுத்து, எடிட்டில் பாதி வேகமாக்கிவிடுங்கள். வேகமாக வாயசைக்க நாலைந்து நாள் பழகவேண்டும், முதல் நாள் சிரிப்புத்தான் வரும். வீட்டுக்குள் லைட் போட்டு எடுப்பதென்றால் ஷட்டர் வேகத்தைச் செக்கனில் 50 இல் ஒன்று அல்லது 100 இல் ஒன்றில் வையுங்கள், நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், இல்லாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். கச்சான் காற்றடிக்கிற நேரம் கடற்கரையில் ஸ்பீக்கர் வைத்தாலும் பாட்டுக் கேட்காது, கெமராவுக்குத் தெரியாத பக்கக் காதில் ஒரு இயர்போனைச் செருகிக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் பற்றி ஒன்று மட்டும். நம் ஊரில் சூரியன் கடலில் உதித்து வாவிப் பக்கம் விழுகிறது. அப்பாவின் வாவியைக் காட்டுவதற்குப் பின்னேரம்தான், காலையில் அங்கே போய் நின்று வெளிச்சம் சரியில்லை என்று போனைக் குறை சொல்லாதீர்கள்.

இனி மாமா. பாட்டில் அப்பா வெறும் குரல், நீங்களே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். மாமாவைச் சாரத்தோடு கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால் அந்தக் குரலுக்கு ஒரு முகம் கிடைத்துவிடும், ஒன்பது வருடம் இல்லாமல் இருந்த ஆள் மூன்று நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிடுவார். அவரை எங்கேயும் காட்டாதீர்கள். நீங்கள் பாடுவதை ஒரே இடத்தில் எடுங்கள், இரவில், உங்கள் அறையில். முதல் வேர்ஸில் கெமரா பக்கவாட்டில், நீங்கள் சுவரைப் பார்த்துப் பாடுகிறீர்கள், யாருக்குப் பாடுகிறீர்கள் என்று தெரியாது. இரண்டாவதில் கொஞ்சம் திரும்புங்கள். மூன்றாவதில் நேரே லென்ஸைப் பாருங்கள், அந்த ஷொட்டை மட்டும் போனை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள், இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கட்டும். அது ஒரு வீடியோ கோல் என்று அப்போதுதான் விளங்கும். இவ்வளவு நேரமும் அப்பாவுடைய இடத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது தான்தான் என்று பார்க்கிறவருக்குத் தெரியவரும்.

கார் பற்றி நான் போதனை செய்யப்போவதில்லை. இல்லாதவன் இருப்பதைக் காட்டிப் பெருமை அடிப்பது ராப்பில் ஒரு மரபு, அந்த மாதிரிப் பாட்டு எழுதினால் வாடகைக் காரே சரியான படம். இது அந்தப் பாட்டு இல்லை. ஆனால் உங்கள் மூன்று பேரில் யாரிடமாவது வெளிநாட்டுக் காசில் வாங்கிய மோட்டார் சைக்கிள் இருக்குமே, அதை நன்றாகக் கழுவித் துடைத்து அந்த வலை வேலிக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு ஷொட் எடுங்கள், கூட்டாளியின் ஆசையும் தீரும். ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவு, அனுமதி என்று அலையவேண்டும், விட்டுவிடுங்கள். கல்லடிப் பாலம் நல்ல பாலம்தான், 1924 இல் திறந்த பழையதும் 2013 இல் திறந்த புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது வேறொரு பாட்டுக்கு உதவும். உங்கள் வரிகளில் பாலம் இல்லையே.

காசில் ஒரு நல்ல ட்ரைபொட்டும் ஒரு சின்ன எல்ஈடி லைட்டும் வாங்குங்கள், அல்லது தெரிந்த ஸ்டூடியோக்காரரிடம் இரண்டு நாளுக்கு இரவல் கேளுங்கள். மிச்சம் சாப்பாட்டுக்கு, பசியோடு நிற்கிற கூட்டாளி கெமராவை நேராகப் பிடிக்கமாட்டான்.

ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லை, அதனால் கேட்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா? உங்களுக்கு அது அப்பாவைப் பற்றிய பாட்டு, அவருக்கு அது புருஷனைப் பற்றியது, ஊர் முழுக்கப் பார்க்கப்போகிறது. முதலில் பாட்டைப் போட்டுக் கேட்கக் கொடுங்கள். ஓம் என்றால் மிளகாய் பிடுங்குவதை எடுங்கள், நடிக்கச் சொல்லாதீர்கள், வழமையாகப் பிடுங்குகிற நேரத்தில் தூரத்தில் ட்ரைபொட்டை வைத்துவிட்டு நீங்கள் தள்ளிப் போய்விடுங்கள். முகம் வேண்டாம் என்றால் கை மட்டும். அதுவும் வேண்டாம் என்றால் வலையும் கன்றுகளும் போதும்.