140.5 கட்-ஆஃப் வாங்கிய பையனின் அம்மாவுக்கு

அக்கா, சனிக்கிழமை நீங்கள் வந்து போனதிலிருந்து உங்கள் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. பையனை வெளியே உட்கார வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஜெபத்துல எங்க குறை வெச்சோம்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். கோர்ஸ், காலேஜ், லோன் என்று பேச வந்த இடத்தில் இப்படிக் கேட்கிறவர்கள் குறைவு, ஆனால் பல பேர் மனதில் இருக்கிற கேள்விதான். அடுத்த ஆள் காத்திருந்ததால் அன்றைக்கு அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பினேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த மாதத்தில் உங்களைப் போலவே தவிக்கிற மற்ற பெற்றோரும் படிக்கட்டும் என்று பெயர் போடாமல் எழுதுகிறேன்.

உங்கள் ஃபைலைத் திறந்ததும் மார்க் ஷீட்டுக்கு முன்னால் இருந்தது வாக்குத்தத்த அட்டை, புது வருஷத்துக்கென்று எடுக்கிற வேத வசன அட்டை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுத்ததை லேமினேட் செய்து வைத்திருந்தீர்கள். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்", உபாகமம் 28:13. அதற்கு அடுத்த தாளில் கணிதம் 68, இயற்பியல் 71, வேதியியல் 74. இன்ஜினியரிங் கட்-ஆஃபுக்குக் கணிதம் அப்படியே, மற்ற இரண்டும் பாதி, அப்படிப் பார்த்தால் 200-க்கு 140.5. இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கிறது.

அந்த வசனத்தை வீட்டில் வேதத்தைத் திறந்து முழுசாக வாசியுங்கள். கர்த்தருடைய கட்டளைகளைக் கைக்கொண்டு அவற்றின்படி நடந்தால் என்றுதான் அது தொடங்குகிறது, அட்டையில் அச்சாகிறது பின்பாதி மட்டும். யோர்தானைத் தாண்டப் போகிற ஒரு ஜனத்திடம், எப்படி வாழ வேண்டும் என்று மோசே சொன்னது அது. அதை ரேங்க் லிஸ்ட்டோடு முடிச்சுப் போட்டது நாம்தான். முடிச்சுப் போட்டதால் என்ன ஆகிறதென்றால், மார்க் குறைந்த பிள்ளை தன்னைக் கர்த்தர் வாலாக்கிவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறது. உங்கள் பையன் என்னிடம் அதைக் கிட்டத்தட்ட அப்படியே சொன்னான்.

வெற்றி என்றால் என்ன என்று கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது யோசேப்புதான். சபையில் பிள்ளைகளுக்கு அவன் கதையைச் சொல்லும்போது நேராக அரண்மனைக்கு ஓடிவிடுகிறோம். ஆனால் ஆதியாகமம் 39:2-ஐப் பாருங்கள்: "கர்த்தர் யோசேப்போடே இருந்தார், அவன் காரியசித்தியுள்ளவனானான்." அப்போது அவன் எங்கே இருந்தான்? போத்திபார் என்ற எகிப்து அதிகாரியின் வீட்டில், காசு கொடுத்து வாங்கப்பட்ட அடிமையாக. அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்திலும் அவன் செய்ததைக் கர்த்தர் வாய்க்கப்பண்ணினார் என்றே இருக்கிறது, அப்போது இருந்தது ஜெயிலில். கதை ஆரம்பிக்கும்போது அவனுக்கு வயது 17, உங்கள் பையன் வயது. எகிப்து ராஜாவான பார்வோன் முன்னால் நின்றது 30-ல். நடுவில் இருந்த வருஷங்களில் அவன் அப்பா அம்மா ஸ்தானத்தில் இருக்கிற யாரும் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் காரியசித்தி என்ற சொல்லை வேதம் அங்கேதான் வைத்திருக்கிறது. கொடுத்த வேலையை உண்மையாகச் செய்தான், யாரும் பார்க்காத வீட்டிலும் தப்பு செய்ய மறுத்தான், பக்கத்தில் இருந்த இரண்டு கைதிகளின் முகம் வாடியிருந்ததைக் கவனித்து ஏன் என்று கேட்டான். இது எல்லாம் ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற விஷயமா, சொல்லுங்கள்.

தாலந்து உவமையையும் ஒரு தடவை பாருங்கள், எஜமான் தன் வேலைக்காரர்களுக்கு ஆளுக்கொரு அளவில் பணம் கொடுத்துவிட்டுப் போகிற கதை. ஐந்து தாலந்துக்காரனுக்கும் இரண்டு தாலந்துக்காரனுக்கும் எஜமான் சொன்ன பாராட்டு வார்த்தைக்கு வார்த்தை ஒன்றுதான்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு குடும்பம் வந்தது, இதே மாதிரி மார்க். பையனுக்குக் கணக்கு வராது என்று தெரிந்தும், அப்பாவின் பிடிவாதத்துக்கு நான் வளைந்துகொடுத்து இன்ஜினியரிங்குக்குச் சரி என்றேன். மூன்றாம் வருஷத்தில் பதினான்கு அரியர். அதைக்கூடத் தாங்கியிருப்பான். ஆராதனை முடிந்து வாசலில் ஒவ்வொருவரும் "அரியர் முடிஞ்சுதா தம்பி, ஜெபிச்சிட்டு இருக்கோம்" என்று கேட்டதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். டிகிரி போனதில் எனக்குப் பாதிப் பொறுப்பு உண்டு, அதைவிடப் பெரிய நஷ்டம், ஆண்டவருக்கே தன்னைப் பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை நம்பியதுதான்.

சரி, உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். "பரீட்சை முடிஞ்சதும் கோச்சிங் போகாம விபிஎஸ்ல பத்து நாள் கிடந்தான்" என்று, சபையில் பிள்ளைகளுக்கு நடத்துகிற விடுமுறை வேதாகமப் பள்ளியைச் சொல்லி வருத்தப்பட்டீர்கள். அங்கே என்ன செய்தான் என்று கேட்டீர்களா? நான் கேட்டேன். ஏழு வயசுப் பையன் ஒருவன், பேச்சு வரவில்லை, பாட்டு ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவானாம். உங்கள் பையன் பழைய நாள்காட்டி அட்டையை வெட்டி, தண்ணீர், பாத்ரூம், அம்மா, பிஸ்கட் என்று படம் வரைந்து அவன் கையில் கொடுத்திருக்கிறான். எட்டாம் நாள் அந்தக் குழந்தை தானாக எழுந்துவந்து தண்ணீர் படத்தை எடுத்து இவனிடம் நீட்டியதாம். அதைச் சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து அட்டைகளை எடுத்து மேசைமேல் பரப்பினான். ஓரமெல்லாம் அழுக்கேறி, ஒரு முனையில் பல் பட்ட தடம். இந்த வேலைக்கு ஒரு துறையே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பேச்சு மற்றும் கேட்பியல் என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, பி.ஏ.எஸ்.எல்.பி. என்பார்கள். இன்டர்ன்ஷிப் சேர்த்து நான்கு வருஷம். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தில் இருக்கிறது. கணிதப் பிரிவு மாணவர்களையும் எடுப்பது உண்டு, விண்ணப்பிக்கும் முன் இந்த வருஷத் தகுதி விதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இன்னொரு வழி சிறப்புக் கல்வி, குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் படிப்பு. "ஆம்பளப் பையன் டீச்சர் ட்ரெயினிங்கா" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார், தெரியும். அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு வேலை நாளில் ஈசிஆரில் முட்டுக்காடு போய்வாருங்கள். பலவகைக் குறைபாடுள்ளவர்களுக்காக மத்திய அரசு 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனம் அங்கே இருக்கிறது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து காத்திருக்கிற அம்மாக்களைப் பார்த்தால், இந்த வேலைக்கு ஆள் வேண்டுமா வேண்டாமா என்று அவருக்கே புரியும். எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். ஒன்றை மறைக்க விரும்பவில்லை: ஆரம்பச் சம்பளம், உங்கள் அண்ணன் பையன் ஐ.டி.யில் வாங்குவது போல இருக்காது. நீங்கள் இருவரும் அதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

இன்ஜினியரிங்தான் என்று அவனே சொன்னால் அதற்கும் நான் எதிரி இல்லை. கவுன்சலிங்கில் 140.5-க்கும் ஏதாவது ஓர் இடம் கிடைக்கும், அந்தக் கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழக விவரத்தில் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் சீட் மட்டும் வேண்டாம் அக்கா. உங்கள் வீட்டில் இவன்தான் முதல் பட்டதாரி, கவுன்சலிங் வழியாகப் போனால் கிடைக்கிற அந்தக் கட்டணச் சலுகை மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. ஆண்டவரிடம் பொருத்தனை, அதாவது நேர்ந்துகொள்வது, செய்துவிட்டோம், இன்ஜினியராக்கிக் காட்டுவோம் என்றீர்கள். அந்தப் பொருத்தனையைச் செய்தது நீங்கள், நான்கு வருஷம் பரீட்சை எழுதப் போவது அவன். உங்கள் ஆயரிடம் இதை மனம்விட்டுப் பேசுங்கள்.

அடுத்த ஞாயிறு பாஸான பிள்ளைகளை முன்னால் கூப்பிடுவார்கள், அன்றைக்கு மட்டும் வேறு ஆராதனைக்குப் போய்விடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னீர்கள். போகாதீர்கள். அவனோடு கூடப் போய் நில்லுங்கள். மார்க் கேட்டால் மார்க்கைச் சொல்லட்டும்.

வருகிற சனிக்கிழமை பதினோரு மணிக்கு மூன்று பேரும் வாருங்கள். மார்க் ஷீட், முதல் பட்டதாரி சான்றிதழ், ஆதார் நகல் போதும். அந்தப் பட அட்டைகளையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அன்றைக்கு நான் பார்த்தது நாலுதான், மொத்தம் பதினொன்று இருக்கிறதாம்.