வேர் உறிஞ்சுவது எப்படி? தாவரவியல் டீச்சரிடம் கேள்வி பதில்

பிளஸ் ஒன் மாணவி: டீச்சர், பரவலுக்கும் செயல்மிகு கடத்தலுக்கும் வேறுபாடு, அஞ்சு மார்க்குக்கு?

அட்டவணை உன் பாடப்புத்தகத்திலேயே இருக்கும்மா. செறிவு கூடின பக்கமிருந்து குறைஞ்ச பக்கத்துக்குத் தானா போனா பரவல். எதிர்ப்பக்கமா ஏத்தணும்னா ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தர்ற மூலக்கூறு) செலவாகும், அது செயல்மிகு கடத்தல்.

மாடித்தோட்டக்காரர்: தினம் ரெண்டு வேளை தண்ணி, மாசாமாசம் உரம். அப்படியும் மிளகாய்ச் செடி மஞ்சளா நிக்குது.

அந்த ரெண்டு வேளை மேலதான் எனக்குச் சந்தேகம். மண்ணீர்ல பொட்டாசியம் பெரும்பாலும் லிட்டருக்கு 1 மில்லிமோல்கூட இருக்காது. வேர்ச் செல்லுக்குள்ள 100 மில்லிமோல் அளவுல இருக்கும். இவ்வளவு வித்தியாசத்தை மீறி உள்ளே இழுக்க, வேர்த்தூவியோட சவ்வுல இருக்குற பம்ப் ஏடிபியை உடைச்சு புரோட்டானை வெளியே தள்ளுது. அதனால செல்லுக்குள்ள மின்னழுத்தம் மைனஸ் 120 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்குது. பொட்டாசியம் அந்த ஈர்ப்புல வருது. நைட்ரேட், உள்ளே திரும்புற புரோட்டானோட ஒட்டிக்கிட்டு வருது.

ஆக்சிஜன் இருந்தா ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி, இல்லேன்னா வெறும் 2. தொட்டியில தண்ணி தேங்கினா மண் இடுக்குல காத்து இருக்காது, பம்ப் படுத்துடும். உரம் பக்கத்துலயே கிடந்தும் செடி பட்டினி. விரலை மண்ணுல விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா ஊத்தாதீங்க. தொட்டித் துளை அடைச்சிருக்கான்னும் பாருங்க.

தஞ்சாவூர் வாசகர்: அப்போ எங்க நெல்லு? மாசக்கணக்கா தண்ணியிலதானே நிக்குது?

நல்ல கேள்வி. நெல்லோட தண்டுலயும் வேர்லயும் காற்றறைத் திசு உண்டு. இலை வழியா வர்ற ஆக்சிஜன் அது வழியா வேர்நுனி வரைக்கும் இறங்கும். ஒரு நாத்தைப் பிடுங்கி அலசிப் பாருங்க, வேர் மேல செங்காவி நிறத்துல படிஞ்சிருக்கும். வேர்ல இருந்து கசியுற ஆக்சிஜன் பட்டு துருவேறின இரும்பு அது. மிளகாய்க்கு இந்த வசதி கிடையாது.

தஞ்சாவூர் வாசகர்: அப்படின்னா வேர் தண்ணியையும் பம்ப் பண்ணுதுன்னு ஒத்துக்கோங்க. விடிகாலையில சேம்பு இலை நுனியில சொட்டுதே!

ஒத்துக்க மாட்டேன். வேர் பம்ப் பண்றது அயனியை, அதாவது பொட்டாசியம், நைட்ரேட் மாதிரி மின்னூட்டம் உள்ள துகளை. ராத்திரி நீராவிப்போக்கு அடங்கினதும் சைலத்துல (தண்ணியை மேலே கொண்டுபோற குழாய்த் திசு) அயனி சேருது, சவ்வூடு பரவல்ல தண்ணி பின்னாலேயே வருது, வேர் அழுத்தம் கூடி இலை நுனியில கசியுது.

தஞ்சாவூர் வாசகர்: அயனியைத் தள்ளினாலே தண்ணியைத் தள்ளின மாதிரிதானே? வார்த்தை விளையாட்டு, டீச்சர்.

விளையாட்டு இல்லை. தண்ணிக்கு அக்குவாபோரின்னு புரதத் துளை இருக்கு (கண்டுபிடிச்ச பீட்டர் ஆக்ருக்கு 2003ல நோபல்). அது ரெண்டு பக்கமும் திறந்த வழி. மண்ணுல உப்பை அள்ளிக் கொட்டுங்க, தண்ணி வேரை விட்டு வெளியே ஓடும். யூரியாவை அளவுக்கு மீறிப் போட்டா செடி கருகுறதும் இதனாலதான். இன்னொண்ணு: 0.1 மெகாபாஸ்கல் அழுத்தம் தண்ணியை 10 மீட்டர்தான் ஏத்தும், வேர் அழுத்தம் பெரும்பாலும் 0.2ஐத் தாண்டாது. நெட்டைத் தென்னையோட உச்சிக்கு ஏத்துறது, தண்ணி ஆவியாகுறப்போ இலை இழுக்குற இழுவை. ஆனா ஏடிபி இல்லாம சேம்பு சொட்டாதுங்கிற வரைக்கும் உங்க பக்கம் நியாயம் இருக்கு.

இன்னொரு வாசகி: என் கத்தரிச்செடியும் மஞ்சளா...

மேலே மிளகாய்க்குச் சொன்னதைப் படிங்க. துளை, துளை, துளை!

வேறொருவர்: ரோஜாவுல மாவுப்பூச்சி, என்ன அடிக்கலாம்?

வேளாண் அறிவியல் நிலையத்துல கேளுங்க. நான் மருந்து சொல்றதில்லை.

நீட் மாணவர்: சோடியம்-பொட்டாசியம் பம்ப் செடியிலயும் உண்டா?

பூக்கும் தாவரத்துல இல்லை தம்பி, அங்கே வேலை புரோட்டான் பம்ப்புக்கு. நீ சொல்றது விலங்குச் செல்லுல. ஒரு ஏடிபிக்கு 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. 1957ல நண்டு நரம்புல இதைக் கண்டவர் ஜென்ஸ் ஸ்கௌ, 1997ல நோபல். அரளி விஷம் நம்ம இதயத்துல முடக்குறதும் இதே பம்ப்பைத்தான். அரளிச் செடிகிட்ட அந்தப் பம்ப்பே இல்லை, அதனால தன் விஷத்தால அதுக்கு அந்த ஆபத்து இல்லை.

மாடித்தோட்டக்காரர்: துளையைக் குத்திவிட்டேன் டீச்சர், கறுப்பா தண்ணி கொட்டுச்சு. இப்ப உரம் வைக்கலாமா?

இப்ப வேண்டாம். மண் காயட்டும், புதுத்தளிர் வந்த பிறகு வையுங்க.