கேம் மெக்கானிக்குக்கும் பேட்டன்ட்டா? கேள்வி பதில்

பேட்டன்ட் விண்ணப்பம் எழுதுவது என் பிழைப்பு. மிச்ச நேரம் கேமில் போகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டு நீங்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். 'காப்புரிமை' என்ற சொல்லை நாம் பேட்டன்ட்டுக்கும் போடுகிறோம், காப்பிரைட்டுக்கும் போடுகிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான். அதனால் இதில் பேட்டன்ட், காப்பிரைட் என்றே சொல்கிறேன். மெக்கானிக் என்றால் ரிப்பேர் செய்பவர் இல்லை; ஒரு கேம் ஆடப்படும் விதி, செய்முறை.

கோவை கல்லூரி மாணவர்: ஒரு விளையாட்டின் விதியை ஒருவர் சொந்தம் கொண்டாட முடியுமா? பல்லாங்குழிக்குக் கூடவா?

பல்லாங்குழிக்கு ஆபத்தில்லை. ஊருக்கே தெரிந்த பழைய விஷயத்துக்கு பேட்டன்ட் கிடையாது. காப்பிரைட் ஒரு கேமின் படம், இசை, வசனம், புரோகிராம் கோட் ஆகியவற்றோடு நின்றுவிடும், விதியைத் தொடாது. பேட்டன்ட் செய்முறையையே பிடிக்கும், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுக்கு. இந்தியச் சட்டத்தில் 3(எம்) பிரிவு, விளையாட்டு ஆடும் முறை கண்டுபிடிப்பே ஆகாது என்கிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கதவு அப்படி முழுசாகச் சாத்தப்படவில்லை. விதியை விதியாக எழுதாமல், கம்ப்யூட்டர் படிப்படியாகச் செய்யும் வேலையாக எழுதினால் உள்ளே போக வழி இருக்கிறது.

லோடிங் நேரத்தில் குட்டி கேம் வைக்க நாம்கோ பேட்டன்ட் வாங்கியது உண்மையா?

உண்மை. நாம்கோ ஒரு ஜப்பானிய கேம் கம்பெனி. பிளேஸ்டேஷனில் அவர்களின் ரிட்ஜ் ரேசரைப் போட்டால், கார் கேம் ஏறி முடிகிற வரை கேலக்சியன் என்ற பழைய சுடும் கேம் வரும். நீங்கள் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருக்கலாம்; எல்லாரையும் வீழ்த்திவிட்டால் கூடுதல் கார்கள் கிடைக்கும். இந்த யோசனைக்கு நாம்கோ 1995-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தது, 1998-இல் கிடைத்தது, 2015-இல் காலாவதியானது. அந்த ஆண்டுகளை இன்னொரு தரம் பாருங்கள். சிடியிலும் டிவிடியிலும் இருந்து கேம் ஏற நாம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்த காலம் கிட்டத்தட்ட மொத்தமும் அதற்குள் அடங்கிவிட்டது. பேட்டன்ட் முடிந்தபோது, கேமை வேகமாக ஏற்றும் எஸ்எஸ்டி சேமிப்பகம் பரவ ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு லோடிங் திரையே கண் சிமிட்டும் நேரம்தான்.

இதில் எரிச்சல் என்னவென்றால், 1987-லேயே கொமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரின் கேசட்டுகளில் 'இன்வேட்-எ-லோட்' என்று இதே மாதிரி ஒன்று வந்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பேயோனெட்டா என்ற சண்டை கேம், லோடிங்கில் சண்டை பழக விட்டது. தனி கேம் இல்லை, அதே கேமின் பயிற்சி. நாம்கோ பேட்டன்ட்டின் கிளெய்ம், அதாவது எது தனக்குச் சொந்தம் என்று பேட்டன்ட் வரையறுக்கும் பகுதி, பேசுவது தனியாக ஏற்றப்படும் துணை கேமைப் பற்றி.

நெமிசிஸ் சிஸ்டம் வேறு எந்த கேமிலும் வராததற்கு பேட்டன்ட்தான் காரணமா?

ஓரளவுக்கு. தெரியாதவர்களுக்கு: 2014-இல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டோரில் உங்களைக் கொன்ற சாதாரண ஓர்க் (எதிரிப் படையின் அரக்கன்) பதவி உயர்வு வாங்குவான். அடுத்த முறை பார்க்கும்போது உங்களைக் கொன்ற கதையைச் சொல்லிக் கிண்டல் செய்வான். தீயில் தப்பித்திருந்தால் தழும்போடு வருவான். வார்னர் பிரதர்ஸுக்கு இதற்கான அமெரிக்க பேட்டன்ட் 2021-இல் கிடைத்தது. 2036 வரை உயிரோடு இருக்கும். அதை உருவாக்கிய மோனோலித் ஸ்டூடியோவை 2025-இல் மூடிவிட்டார்கள். ஆள் போய்விட்டான், வேலி நிற்கிறது.

ஆனால் அந்த வேலி நீங்கள் நினைக்கிற அளவு அகலமில்லை. ஒரு கிளெய்மில் பத்து அம்சம் இருந்தால் பத்தும் உங்கள் கேமில் இருந்தால்தான் மீறல். எதிரி உங்களை ஞாபகம் வைத்திருப்பது மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. மூன்று பேர் கொண்ட ஒரு குழு இதே சந்தேகத்தோடு என்னிடம் வந்தது. நான் முதல் கிளெய்மைப் படித்து முடிப்பதற்குள் "வேண்டாம் சார், அந்தப் பகுதியையே எடுத்துவிட்டோம்" என்று மெசேஜ் வந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போன வழக்குகளை எண்ணலாம். இந்த மாதிரி எடுத்துப் போட்டவற்றை எப்படி எண்ணுவது?

பால்வேர்ல்டு வழக்கில் நின்டெண்டோ கேட்டது சின்னத் தொகைதானே?

பணம் இங்கே முக்கியமில்லை. பால்வேர்ல்டு, 'பால்' (Pal) என்ற உயிரினங்களை உருண்டை வீசிப் பிடித்து வளர்க்கும் கேம்; செய்தது பாக்கெட்பேர் என்ற கம்பெனி. நின்டெண்டோவும் போகிமான் கம்பெனியும் 2024 செப்டம்பரில் டோக்கியோவில் வழக்குப் போட்டன. ஆளுக்கு 50 லட்சம் யென்னும் அதற்கு மேல் தாமதக் கட்டணமும்தான் கேட்டன. கூடவே தடை உத்தரவும் கேட்டன, பயம் அதில்தான். கேம் வந்தது 2024 ஜனவரி. வழக்கில் உள்ள மூன்று பேட்டன்ட்டுகளுக்கும் விண்ணப்பித்தது அதற்குப் பிறகு! 2021-இன் தாய் விண்ணப்பத்திலிருந்து கிளை பிரித்து எடுத்ததால் பழைய தேதியே செல்லும். சட்டப்படி சரி. எனக்குப் பிடிக்கவில்லை.

விளைவு கேமில் தெரிகிறது. முன்பு உருண்டையை வீசினால் அது விழுந்த இடத்தில் 'பால்' வெளியே வரும். 2024 நவம்பர் அப்டேட்டுக்குப் பிறகு உங்கள் பக்கத்திலேயே தோன்றுகிறது. 2025 மே மாதம், 'பால்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு பறப்பதும் போய் கிளைடர் வந்தது. வழக்கால்தான் மாற்றினோம் என்று பாக்கெட்பேரே சொன்னது. ஆடுகிறவருக்கு இதில் என்ன லாபம்?

பேட்டன்ட்டால் நல்லதே இல்லையா?

உண்டு. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் கம்பெனி 2021-இல், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற தன் அணி ஆட்ட கேமின் பிங் முறை உள்பட சில பேட்டன்ட்டுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. பேசவோ கேட்கவோ முடியாதவர்கள் ஒரு பட்டனை அழுத்தி அணிக்கு இடம் காட்டும் வசதி அது. ஆனால் அதில் நல்லது செய்தது பேட்டன்ட்டா, அதை விட்டுக்கொடுத்ததா என்று நீங்களே சொல்லுங்கள்.

சென்னையில் இரண்டு பேர் சேர்ந்து கேம் செய்கிறோம், ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் விடப் போகிறோம். பயப்பட வேண்டுமா?

பேட்டன்ட் நாட்டுக்கு நாடு தனி. இங்கே உட்கார்ந்து செய்தாலும் அமெரிக்காவில் விற்றால் அமெரிக்க பேட்டன்ட் பொருந்தும். கூகுளில் தேடுவதாக இருந்தால் தலைப்பையும் படத்தையும் பார்த்துக் கலங்காதீர்கள், கிளெய்மைப் படியுங்கள். அப்புறம், உங்கள் மெக்கானிக் புதுசு என்று தோன்றினால், அதை நீங்கள் பேட்டன்ட் செய்யப் போவதில்லை என்றால், அது எப்படி வேலை செய்கிறது என்று தேதியோடு பொதுவில் எழுதி வீடியோவும் போட்டுவிடுங்கள். நாளைக்கு வேறொருவர் அதற்கே விண்ணப்பித்தால், உங்கள் பதிவை எடுத்துக் காட்டியே மறுக்கலாம்.