எடை முள் நகரவில்லை என்றால் வயிற்றில் போட்ட பேண்டை இறுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. உயரம் 158 செ.மீ. 14 மாதங்களுக்கு முன் சென்னையில் எடை குறைக்க, இரைப்பையைச் சுற்றி வளையம் மாட்டுகிற கேஸ்ட்ரிக் பேண்ட் ஆபரேஷன் செய்துகொண்டேன். அப்போது 108 கிலோ, இப்போது 89. ஆரம்பத்தில் மளமளவென்று குறைந்தது. கடைசி மூன்று மாதமாக முள் அசையவே இல்லை. இரண்டு மாதம் முன்பு பேண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டார்கள். அதிலிருந்து சாதம், சப்பாத்தி எதுவும் இறங்குவதில்லை. நாலு வாய்க்குள் அடைத்துக்கொண்டு வாந்தி வருகிறது. சாம்பாரில் ஊறிய இட்லி, வெல்லம் போட்ட சத்துமாவுக் கஞ்சி, டீயில் நனைத்த பிஸ்கட், பசித்தால் ஒரு பிடி முந்திரி, இப்படித்தான் நாள் ஓடுகிறது. ராத்திரி இரண்டு தலையணை வைத்துப் படுக்காவிட்டால் இருமல். இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டும் எடை ஏன் குறையவில்லை? என்னோடு வேலை பார்ப்பவர் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷன் செய்து ஒரே வருடத்தில் 35 கிலோ குறைந்துவிட்டார். "இத்தனை லட்சம் கொட்டி என்ன பிரயோஜனம்" என்று வீட்டில் கேட்கிறார்கள். அடுத்த மாதம் செக்கப். இன்னொரு தடவை இறுக்கச் சொல்லட்டுமா? இல்லை, இதை எடுத்துவிட்டு ஸ்லீவ் செய்துகொள்ளட்டுமா? தை மாதம் அண்ணன் மகள் கல்யாணம் வேறு வருகிறது.
— பெயர் வேண்டாம், கடலூர்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இறுக்கச் சொல்லாதீர்கள். அடுத்த மாதம் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆபரேஷன் செய்த இடத்துக்கு நாளைக் காலையே போன் போட்டு, "சாதம் இறங்கவில்லை, வாந்தி வருகிறது, ராத்திரி இருமல்" என்று இந்த மூன்றையும் சொல்லி, இந்த வாரத்துக்குள் தேதி கேளுங்கள். எடை குறையவில்லை என்று மட்டும் சொன்னால், இறுக்கிவிடலாம் என்றுதான் அவர்களுக்கும் தோன்றும். எடையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்தத் தலையணை வரிதான் என்னை நிறுத்தியது. பேண்டுக்கு மேலே தங்கிய சாப்பாடும் எச்சிலும் நீங்கள் படுத்ததும் தொண்டைக்கு ஏறி வருகிறது. அதுதான் இருமல். கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிட்டால் நிமோனியா வரைக்கும் போகும். பேண்ட் அளவுக்கு மேல் இறுகியிருந்தாலும் இப்படி ஆகும். வயிற்றின் ஒரு பகுதி பேண்டுக்குள் நழுவி மேலே ஏறியிருந்தாலும் ஆகும். எது என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. பேரியம் கரைசலைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். வாந்தி வாரக்கணக்கில் நீடித்தால் தயமின் என்கிற பி1 வைட்டமின் குறைந்துபோய் நரம்புகளைப் பாதிக்கும். அதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

இறுக்கம் கூடித்தான் தொல்லை என்று உறுதியானால், வயிற்றுத் தோலுக்கடியில் இருக்கிற போர்ட்டில் (பேண்டோடு குழாயால் இணைந்த சின்ன டப்பா) ஊசி போட்டு, பேண்டை இறுக்கி வைத்திருக்கிற உப்பு நீரில் கொஞ்சத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். சில நிமிட வேலை, மயக்க மருந்து தேவைப்படாது. சில வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு சிறுகச் சிறுக ஏற்றுவார்கள். தளர்த்திய புதிதில் பசி திரும்பும், ஒன்றிரண்டு கிலோ கூடலாம். பயந்துவிடாதீர்கள், அது எதிர்பார்த்ததுதான்.

சரி, இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டும் ஏன் குறையவில்லை? பேண்ட் உங்கள் வயிற்றின் மேல்பகுதியைச் சின்னப் புனல் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறது. கெட்டியான சாப்பாடு அதில் தங்கி மெதுவாக இறங்குவதால்தான் வயிறு நிறைந்த உணர்வு வருகிறது. கஞ்சி, ஊறிய இட்லி, நனைத்த பிஸ்கட் எல்லாம் தங்காமல் நேராக இறங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். பேண்டை இறுக்க இறுக்கக் கெட்டியானது எதுவும் இறங்காது. இறங்காததால் குழைவானதைத் தேடுகிறோம். குழைவானது தங்காததால் எடை நிற்கிறது. எடை நிற்பதால் மறுபடி இறுக்கச் சொல்கிறோம். பேண்ட் போட்டவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிற சுழல் இது. உங்களுக்கு மனவலிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொண்டை அடைத்து, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறி, ஸ்டாஃப் ரூமிலிருந்து கழிப்பறைக்கு ஓடுகிற ஆள் கஞ்சிக்குப் போகாமல் வேறு எங்கே போவார்?

நீங்கள் எழுதியதில் இரண்டை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். தினம் நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வையுங்கள். சர்க்கரை மட்டும் 40 கிராம், 160 கலோரி. ஒரு பிடி முந்திரி, 30 கிராம், இன்னொரு 170. (பண்ருட்டிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு முந்திரியை விடச் சொன்னால் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள், எனக்குத் தெரியும்.) இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 330 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று கணக்கு. ஒரு கிலோவுக்கு மேல் மாதாமாதம் இறங்க வேண்டியதை இந்த இரண்டே பிடித்து வைத்துவிடும். முந்திரி நல்ல உணவுதான், எண்ணி ஆறோ ஏழோ சாப்பிடலாம். டீயில் சர்க்கரையை இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள், அப்புறம் சர்க்கரை போட்ட டீ உங்களுக்கே திகட்டும்.

அடுத்தது, 19 கிலோ. 158 செ.மீ. உயரத்துக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் குறியீடு) 25 என்று வைத்துக்கொண்டால் 62 கிலோ வருகிறது. அதற்கு மேல் உங்களிடம் இருந்தது 46 கிலோ. அதில் 19 போயிருக்கிறது, அதாவது நாற்பது சதவீதத்துக்கு மேல். பேண்ட் போட்டவர்களுக்குப் பொதுவாக இரண்டு வருடத்தில் கூடுதல் எடையில் பாதி அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே குறையும். நீங்கள் பதினான்காவது மாதத்திலேயே அதற்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். வீட்டில் பிரயோஜனம் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். நடுவில் இரண்டு மூன்று மாதம் எடை நிற்பது இந்த ஆபரேஷனில் சகஜம். 108 கிலோ உடம்புக்கு ஒரு நாள் ஓடத் தேவைப்பட்ட சக்தி 89 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. தவிர, எடை குறையும்போது உடம்பு செலவைத் தானாகவே இன்னும் சுருக்கிக்கொள்கிறது. முதல் மாதங்களில் குறைத்த அதே சாப்பாடு இப்போது எடையைப் பிடித்து நிறுத்தத்தான் போதுமாக இருக்கும்.

உங்கள் தோழியின் 35 கிலோவை இதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கிற பகுதியும் அதோடு போய்விடுகிறது. பேண்டில் எதையும் வெட்டுவதில்லை, அந்தச் சுரப்பு அப்படியே இருக்கிறது. அவருக்கு முதல் வருடத்திலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். உங்களுடையது நிதானமாக, இரண்டு வருடம் வரைக்கும் இறங்குகிற ரகம்.

பேண்ட் சரியான அளவுக்கு வந்த பிறகு என்ன சாப்பிடுவது? முதலில் புரதம். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். நீங்கள் எழுதிய பட்டியலில் அதில் பாதிகூட இருக்காது. புரதம் போதாமல் எடை குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் உடம்பின் செலவு இன்னும் குறையும், முள் இன்னும் பிடிவாதமாக நிற்கும். நீங்கள் சைவமா அசைவமா என்று எழுதவில்லை. மீன் சாப்பிடுவீர்கள் என்றால் கடலூரில் உங்களுக்குக் கவலையே இல்லை. முதுநகர் துறைமுகத்திலிருந்து வருகிற மீனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம் புரதம். சிக்கன், மட்டன் நார் நாராகச் சிக்கிக்கொள்ளும், மீன் அவ்வளவு படுத்தாது. நம் பக்கத்துச் சுறா புட்டு பேண்டுக்காகவே யாரோ கண்டுபிடித்தது போல இருக்கிறது: வேகவைத்து உதிர்த்தது, முள் இல்லாதது, வெங்காயமும் பூண்டும் போட்டு இரண்டு ஸ்பூன் எண்ணெயில் முடித்துவிடலாம். தேங்காயை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். சைவம் என்றால் பனீர், ஊறவைத்து நன்றாக வேகவைத்த சோயா, சுண்டல், கெட்டித் தயிர். முட்டை சாப்பிட்டால் ஒன்றில் 6 கிராம் கிடைக்கும்.

தட்டில் புரதத்தை முதலில் முடியுங்கள், அப்புறம் காய், சாதம் கடைசியில் இரண்டு மூன்று ஸ்பூன். டீஸ்பூனால் சாப்பிடுங்கள். ஒரு வாய் கூழாகும் வரை மென்று, விழுங்கி, ஸ்பூனைக் கீழே வைத்து, அது இறங்கியது தெரிந்த பிறகு அடுத்த வாய். பள்ளியில் மதிய இடைவேளை மணியைப் பார்த்துக்கொண்டே அள்ளிப் போடுகிற பழக்கம் ஆசிரியர்களுக்கு உண்டு. பேண்டோடு அது ஆகவே ஆகாது. பாதி சாப்பாட்டோடு மணி அடித்துவிட்டால் டப்பாவை மூடிவிடுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். குழம்பையும் ரசத்தையும் ஊற்றிக் கரைத்துச் சாப்பிட்டால் அதுவும் தண்ணீர் கணக்குதான். புது ரொட்டி தொண்டையிலேயே உருண்டையாகிவிடும். பேக்கரி ரொட்டி இல்லாமல் விடியாத புதுச்சேரிக்காரர்களுக்கும் நான் இதைத்தான் சொல்கிறேன்: மொறுமொறுவென்று சுட்டுச் சாப்பிடுங்கள்.

நடப்பீர்கள் என்று நினைக்கிறேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாயங்காலம் அரை மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு, திரும்பும் வழியில் பஜ்ஜிக் கடையைத் தாண்டி வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் பத்துப் பத்துத் தடவையாக எழுந்திருங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும். வாந்தி நின்று, புரதம் உள்ளே போக ஆரம்பித்த பிறகு தொடங்குங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று: தைராய்டு பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே ஓடுகிறதா? அவை எடையைக் கூட்டும். தாழ்சர்க்கரை வந்தால் இனிப்பைத் தின்ன வைக்கும். மருத்துவரிடம் எல்லா மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரையைத் தொடவே வேண்டாம். வயிற்றைப் புண்ணாக்கும்.

எடை மெஷினில் வாரம் ஒரு தடவை, ஒரே கிழமை, காலையில் கழிப்பறை போய்வந்த பின் ஏறுங்கள். மாதவிடாய் நெருங்கும் வாரத்தில் நீர் கோத்து ஒரு கிலோ வரை கூடிக் காட்டலாம். மாதம் ஒரு முறை தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பை அளந்து எழுதுங்கள். முள் நிற்கும் மாதத்தில்கூட இடுப்பு இறங்கியிருப்பதைப் பார்க்கலாம்.

பேண்டை எடுத்து ஸ்லீவ் செய்யலாமா? செய்கிறார்கள். ஆனால் முதல் ஆபரேஷனைவிட இரண்டாவதில் சிக்கல் அதிகம், உள்ளே தழும்புத் திசு இருக்கும். இன்னொன்று, புளிப்பு மேலேறி வருகிற தொல்லை உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதை இன்னும் மோசமாக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு இரைப்பை பைபாஸைத்தான் (இரைப்பையின் பெரும்பகுதியைத் தாண்டிச் சாப்பாட்டைக் குடலுக்கு அனுப்புகிற ஆபரேஷன்) யோசிப்பார்கள். ராத்திரி இருமலோடு இருக்கிற நீங்கள், தோழிக்கு ஒத்துவந்தது என்பதற்காக அதே டேபிளில் போய்ப் படுக்க வேண்டாம். எக்ஸ்ரே முடிவு வரட்டும், பேண்ட் சரியான அளவில் ஆறு மாதம் ஓடட்டும், அதன் பிறகு பேசலாம். எடை குறைக்கிற புது ஊசிகளைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். செமாக்ளுடைடு, டிர்செபடைடு இரண்டுமே வயிறு காலியாவதைத் தாமதமாக்குபவை, குமட்டலும் வாந்தியும் அவற்றின் சாதாரணப் பக்கவிளைவு. இப்போதைய நிலைமையில் சர்ஜனைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். எந்தக் கம்பெனி பேண்ட், எத்தனை மில்லி உப்பு நீர் உள்ளே இருக்கிறது என்பது அதிலும் கடைசியாக இறுக்கிய சீட்டிலும் இருக்க வேண்டும். பேண்ட் போடுவது இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது. எல்லா ஊரிலும் அதைத் தளர்த்தத் தெரிந்தவர் இருக்கமாட்டார். தண்ணீர்கூட இறங்காமல் திரும்பி வந்தால், வயிறு விடாமல் வலித்தால், வாந்தியில் ரத்தம் வந்தால், காய்ச்சலோடு போர்ட் இருக்கும் இடம் சிவந்தால், சென்னைக்கு பஸ் ஏற நினைக்காதீர்கள். அன்றைக்கே கடலூர் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய் "வயிற்றில் பேண்ட் இருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்குத் தாராளமாகப் போங்கள். வீட்டிலேயே முட்டையோ பனீரோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பந்தியில் உட்கார்ந்தால் கூட்டும் பொரியலும் பருப்பும் மட்டும் போடச் சொல்லுங்கள். பாயசம் வரும்போது இலையின் மேல் கையை வையுங்கள், அது ஒரே மடக்கில் பேண்டைத் தாண்டிவிடும். "என்னம்மா, ஒண்ணுமே சாப்பிடலை" என்று கேட்கிற அத்தைகளுக்கு "டாக்டர் சொல்லியிருக்கார் அத்தை" என்பது போதும். அண்ணன் மகள் கல்யாணம், பரிமாறும் இடத்தில் ஆள் வேண்டியிருக்கும். நீங்களே ஒரு வாளியைக் கையில் எடுத்துக்கொண்டால் அந்தக் கேள்வியே வராது.