‘உண்மைச் சம்பவம்’ என்று திரையில் போட்டால் நம்பிவிடலாமா?

கேள்வி: ஐந்தாம் ஆண்டில் படிக்கும் என் மகன், பெரியவர்களோடு உட்கார்ந்து ஒரு பேய்ப்படம் பார்த்துவிட்டான். ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று தொடக்கத்திலேயே போட்டார்களாம். அன்றிலிருந்து செம்பனைத் தோட்டத்து வழியாக டியூஷனுக்குப் போக மறுக்கிறான். உண்மையா, பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, அந்த வரி விளம்பரம், சான்றிதழ் அன்று. படம் சொல்லும் ஊர், தேதி, பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். படம் வெளிவருவதற்கு முந்தைய செய்தித்தாள்களில் அவை இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

1974-இல் வந்த ‘டெக்ஸஸ் செயின் சா மாசக்கர்’ என்ற அமெரிக்கத் திகில் படம் தேதியிலேயே மாட்டிக்கொள்ளும். கொலைகள் 1973 ஆகஸ்ட் 18-இல் நடந்தன என்கிறது. படப்பிடிப்பு நடந்ததே அந்தக் கோடையில்தான். கதைக்குத் தூண்டுதலான கொலையாளி எட் கீன், 1957-இல் வேறொரு மாநிலமான விஸ்கான்சினில் கைதானவர். டெக்ஸஸுக்கும் அவருக்கும் தொடர்பில்லை.

என்னை மிகவும் கோபப்படுத்துவது 2009-இல் வந்த ‘தி ஃபோர்த் கைண்ட்’. அலாஸ்காவின் நோம் நகரில் வேற்றுக்கிரகவாசிகள் ஆட்களைக் கடத்தினார்கள் என்றது. ‘அசல் பதிவுகள்’ என்று காட்டியவற்றிலும் நடிகர்களே இருந்தார்கள். விளம்பரத்துக்காக இணையத்தில் போலிச் செய்திகளையும் உலவவிட்டார்கள். அலாஸ்கா பத்திரிகைகள் எதிர்த்ததும், படத்தை வெளியிட்ட யுனிவர்சல் நிறுவனம் அங்குள்ள பத்திரிகையாளர் சங்கத்துக்கு 20,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. நோமில் மக்கள் காணாமல் போனது உண்மை. அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. ஆராய்ந்து, பெரும்பாலும் மதுவும் கடுங்குளிருமே காரணம் என்றது. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களின் துயரத்தை டிக்கெட் விற்கப் பயன்படுத்தியது கொடுமை.

ஒன்றைக் கவனியுங்கள். குற்றம் உண்மையாக இருந்தாலும் பேய் உண்மையாகிவிடாது. நியூயார்க் மாநிலத்து அமிட்டிவில்லில் 1974-இல் ஒரே குடும்பத்தில் ஆறு பேர் கொல்லப்பட்டது நீதிமன்றத்தில் நிரூபணமானது. அதன்பின் அவ்வீட்டில் குடியேறியவர்கள் சொன்ன பேய்க்கதையோ, அவர்களோடு மது அருந்தியபடி சேர்ந்து புனைந்தது என்று கொலையாளியின் வழக்கறிஞரே பின்னர் கூறினார்.

மகனிடம் வெறுமனே ‘பயப்படாதே’ என்று சொல்லாதீர்கள். பகல் வேளையில் அந்தத் தாளை அவன் கையிலேயே கொடுத்துத் தேடச் செய்யுங்கள்; பொய்யை அவனே கண்டுபிடிக்கட்டும். சில நாட்கள் டியூஷனுக்கு யாராவது துணைக்குப் போங்கள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். வீட்டில் பெரியவர்கள் இனிப் படம் போடும்போது வயது வரம்பைப் பார்க்கட்டும்: 18 என்றிருந்தால் அது அவனுக்கான படமே அல்ல.