தம்பியின் கட்டணத்தை அக்காவின் முழங்கால் சுமக்கலாமா?

கேள்வி: என் மகள் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். வாலிபாலில் குறுவட்டம், மாவட்டம் இரண்டையும் தாண்டி மண்டலப் போட்டி வரை ஆடினாள். அங்கே அவள் ஆட்டத்தைப் பார்த்த ஒரு தனியார் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிட்டார். பள்ளிக் கட்டணம், விடுதி, சாப்பாடு, காலணி எல்லாம் இலவசம், பன்னிரண்டாம் வகுப்பு வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிறார். அதோடு, இந்த ஆண்டு ஆறாம் வகுப்புக்குப் போகும் அவள் தம்பியையும் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறார்களாம். அவன் பள்ளிப் பேருந்தில் போய் வரலாம். காலை, மாலைப் பயிற்சி இருப்பதால் மகள் மட்டும் விடுதியில் தங்க வேண்டும். என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகளைக் கேட்டால் “சரிம்மா” என்று மட்டும் சொல்கிறாள். பெண் பிள்ளையை நம்பி விடுதியில் விடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத தாய், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டிருப்பது விடுதியைப் பற்றி. அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்தது, ‘அதோடு’ என்று தொடங்கிப் போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுக் கடந்த வரி. தம்பிக்கும் கட்டணம் இல்லை என்கிறீர்களே, அந்த வரி.

நன்றாக ஆடும் பிள்ளையைத் தேடி ஒரு பள்ளி வீட்டுக்கு வருவது புதிதன்று. கோடை விடுமுறை தொடங்கினால் இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு ஆண்டுதோறும் வரும். மாநிலப் போட்டியில் வென்ற அணியின் படம், சேர்க்கை தொடங்கும் முன்பே பேருந்து நிலையத்துப் பதாகையில் ஏறும். அதைப் பார்த்துக் கட்டணம் செலுத்தும் பெற்றோர் வருவார்கள். ஆகவே உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போகும் சாப்பாட்டையும் காலணியையும் இலவசம் என்று சொல்லாதீர்கள். இருட்டு விலகும் முன் எழுந்து, குதித்து, விழுந்து, வியர்வை சிந்தி அவள் ஈட்டப்போகும் கூலி அது. உழைப்பவளே அதைப் பெறுகிறாள் என்ற அளவில் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் மகன் என்ன ஆடினான்? பந்தையே தொடாத பையனுக்கு ஏழு ஆண்டுக் கட்டணத்தை ஒரு நிர்வாகம் ஏன் விட்டுக்கொடுக்கிறது என்று நீங்கள் ஒரு கணமாவது யோசித்தீர்களா? மகள் மட்டும் அங்கே இருந்தால், பிடிக்கவில்லை என்று அவள் அழுத மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளை அழைத்து வந்துவிடுவீர்கள். மகனும் அங்கே படித்தால் அழைத்துவர மாட்டீர்கள். தம்பிக்காக இந்த ஒரு வருடம் பொறுத்துக்கொள் என்று அவளுக்குச் சொல்வீர்கள், அடுத்த வருடமும் அதையே சொல்வீர்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு முறை உட்கார்ந்து பேசிய ஆசிரியருக்கு இது தெரியும். உங்கள் மகளை அந்தப் பள்ளியோடு கட்டிப்போடும் கயிறாகத்தான் உங்கள் மகனைக் கேட்கிறார்கள்.

அந்தக் கயிறு அவளுடைய முழங்காலைச் சுற்றியிருக்கிறது. வாலிபாலில் அடித்து ஆடும் பெண் ஒரே பயிற்சியில் எத்தனை முறை எம்பிக் குதிக்கிறாள் என்று ஒரு மாலை நின்று எண்ணிப் பாருங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே தொடங்கும் வலியைத் தொடக்கத்திலேயே சொல்லி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மறைத்து ஆடினால் மாதக்கணக்கில் படுத்தும். ஒற்றைக் காலில் திரும்பியபடி தரையிறங்கும்போது ‘ஏ.சி.எல்.’ என்னும் உட்தசைநார் கிழிந்துவிட்டாலோ, பெரும்பாலும் அறுவை சிகிச்சையும் அதன்பின் ஏறத்தாழ ஒன்பது மாத ஓய்வும் பயிற்சியும் தேவைப்படும். இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்பது விளையாட்டு மருத்துவம் அறிந்த உண்மை. தன் படிப்பு மட்டும் அதில் தொங்கினால், வலிக்கிறது என்று ஒரு பெண் என்றாவது வாய் திறப்பாள். தம்பியின் படிப்பும் சேர்ந்து தொங்கினால் திறக்க மாட்டாள். பதினான்கு வயதுப் பெண்ணை வீட்டுக்குச் சம்பாதிப்பவளாக்கிவிட்டு, விடுதி பத்திரமானதா என்று என்னைக் கேட்கிறீர்கள்.

பிள்ளைகளைப் படிக்கவைப்பது பெற்றவர்களின் கடமை. அதை மூத்த பிள்ளையின் தோளுக்கு மாற்றுவது, அதுவும் மூத்தது பெண்ணாக இருந்தால் கூசாமல் மாற்றுவது, நம் வீடுகளில் பழைய வழக்கம். ஆலைக்குப் போய்த் தம்பிகளைப் படிக்கவைத்த எத்தனையோ அக்காக்களை நான் அறிவேன். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அவர்களுடைய பெற்றோரை என்னால் புகழ முடியாது. உங்கள் கணவரின் வருமானம் போதவில்லை என்பது எனக்குப் புரிகிறது. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டும் கடன் அவளுடையதன்று.

இதில் இன்னும் வருத்தம் என்னவென்றால், மகனுக்கு நல்லது என்று நினைத்து நீங்கள் அவனுக்கே நட்டம் தேடுகிறீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கித் தமிழக அரசு 2020இல் சட்டம் கொண்டுவந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. அப்படிப் பொறியியலில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்கள் மகன் சரியாக அந்தக் கணக்கு தொடங்கும் வகுப்பில் நிற்கிறான். இந்த ஜூனில் அவனை வெளியே எடுத்தால் அந்தக் கதவு அவனுக்குத் திறப்பதற்கு முன்பே மூடிவிடும். கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் கைவிட்டுப் போகும். ஒன்பதாம் வகுப்பில் வெளியேறினால் மகளும் 7.5 விழுக்காட்டையும், கல்லூரிப் பெண்களுக்கு அதேபோல் தரும் புதுமைப்பெண் உதவித்தொகையையும் இழக்கிறாள். அந்த ஆசிரியர் கொடுப்பதையெல்லாம் அடுக்கிச் சொன்னாரே, இழப்பதில் ஒன்றையாவது சொன்னாரா?

அவளுக்கு அந்தப் பள்ளியால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாலிபால் ஆறு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம். ஒருத்தி எவ்வளவு திறமைசாலியானாலும் உடன் ஆடுபவர்கள் தளர்ந்தால் அணி மண்டலத்தோடு நின்றுவிடும். நாள்தோறும் இரு வேளைப் பயிற்சியும் வெளியூர்ப் போட்டிகளும் உங்கள் ஊர்ப் பள்ளியில் கிடைக்காமல் போகலாம். ஆனால் அதற்கு வேறு வழியும் உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பள்ளி மாணவிகளுக்கென விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. தேர்வுப் போட்டி வைத்து எடுக்கிறார்கள். தங்குமிடம், உணவு, பயிற்சி, சீருடை எல்லாம் அரசு தருகிறது, தம்பியை யாரும் கேட்பதில்லை. மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் நேரில் போய்த் தேர்வு எப்போது என்று கேளுங்கள். அவளை எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள், அது அரசுப் பள்ளிதானா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் ஊர் உடற்கல்வி ஆசிரியர் அந்த வழியை அறிந்திருப்பார். மண்டலம் வரை அவளைக் கொண்டுவந்த அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லையே, அவரிடம் இன்னும் பேசவில்லையா?

அப்படியும் அந்தத் தனியார் பள்ளிதான் என்று முடிவானால், வாய்ச்சொல்லை நம்பிப் பையைக் கட்டாதீர்கள். காயம் பட்டு ஒரு வருடம் ஆட முடியாமல் போனாலும் அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணமின்றிப் படிப்பாள், விளையாட்டில் பட்ட காயத்துக்கான சிகிச்சைச் செலவைப் பள்ளி ஏற்கும் என்று நிர்வாகத்தின் முத்திரையோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் உங்களுக்கு வேண்டிய பதில் அந்தத் தயக்கத்திலேயே கிடைத்துவிடும். விளையாட்டுச் சான்றிதழ்களின் மூலப்படிகள் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு கேட்கும்போது பேசப்போவது அவைதாம். அவள் பிறந்த தேதியிலோ படிக்கும் வகுப்பிலோ ஒரு வருடத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். நடுவில் விலக நேர்ந்து, இதுவரைக்குமான கட்டணத்தைக் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் தருவோம் என்று மிரட்டினால் பணிய வேண்டாம். மாற்றுச் சான்றிதழைக் கட்டண வசூலுக்குக் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இனி விடுதி. காப்பாளர் பெண்ணா, இரவில் விடுதியிலேயே தங்குகிறாரா, வெளியூர்ப் போட்டிகளுக்கு அணியோடு பெண் ஆசிரியர் போகிறாரா, அவள் நினைத்தபோது உங்களோடு தனியாகப் பேச முடியுமா என்று பாருங்கள். சொல்லிவிட்டுப் போகாமல் ஒரு மாலை நேரம் போய், அங்கே ஏற்கெனவே ஆடும் பெண்களிடம் பேசுங்கள். காயம்பட்டுப் பாதியில் நின்ற பெண் யாராவது உண்டா, அவள் இப்போது எங்கே படிக்கிறாள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்த வாரமே மகனை உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேருங்கள். சேர்த்த ரசீதை மகளிடம் காட்டி, உன் தம்பியின் படிப்பை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்வோம், நீ எங்கே படித்தாலும், ஆடினாலும், ஆடாவிட்டாலும் அது நிற்காது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கணவரும் பக்கத்தில் இருக்கட்டும். அதன் பிறகு, அந்தப் பள்ளிக்குப் போக விருப்பமா என்று அவளிடம் மறுபடியும் கேளுங்கள். இதுவரை அவள் சொன்ன “சரிம்மா”வை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.