ஊசியிலேயே வலி நின்றுவிட்டதே, அப்புறம் எதற்கு ஆஞ்சியோ?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. போன மாதம் விடியற்காலையில் நெஞ்சை அடைக்கிற மாதிரி வலி, இடது கையில் குடைச்சல், சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்து ஒரு மணி நேரம் பார்த்தோம், குறையவில்லை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் வலி நின்றது. அப்படியும் அன்றைக்கே, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாயில் அடைப்பு எங்கே என்று பார்க்கும் பரிசோதனை) செய்ய அனுப்பிவிட்டார்கள். நேராக அங்கேயே போயிருக்கலாமே என்று சொந்தக்காரர்கள் இன்னும் குறை சொல்கிறார்கள்.

பதில்: ஓமத்தண்ணீரில் போன அந்த ஒரு மணி நேரம்தான் தவறு. பக்கத்து ஊருக்குப் போனது நூற்றுக்கு நூறு சரி, சொந்தக்காரர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு வந்தது ஹார்ட் அட்டாக். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவரில் பல வருடமாகப் படிந்த கொழுப்புத் திட்டு ஒரு நாள் வெடிக்கிறது, வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுகிறது, அதிலிருந்து அந்தப் பகுதித் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே போகும். செத்த தசை திரும்ப வராது. பலூனால் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் (குழாய் மூடாமல் தாங்கும் சின்ன வலைக்குழாய்) வைப்பதுதான் சிறந்த வைத்தியம். ஆனால் ஈசிஜியில் அட்டாக் என்று தெரிந்த 2 மணி நேரத்துக்குள் அதைச் செய்ய முடியவேண்டும். உங்களுக்குப் பயணமே ஒன்றரை மணி, அப்புறம் அட்மிஷன், கேத் லேப் (ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் செய்யும் அறை) தயாராவது என்று நேரம் எங்கேயோ போய்விடும். அதனால்தான் முதலில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. டெனெக்டிபிளேஸ் என்றால் எடைக்கேற்ற அளவில் ஒரே ஊசி, சில நொடி வேலை. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், அரை மணி முதல் ஒரு மணி நேரம் டிரிப்ஸில் ஏறும். வலி தொடங்கிய முதல் 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் அதிகம்.

ஆனால் ஊசி கரைப்பது ரத்தக்கட்டியை மட்டும்தான். வெடித்த கொழுப்புத் திட்டு அங்கேயே இருக்கிறது, அதன்மேல் மறுபடியும் ரத்தம் உறையலாம். சிலருக்கு ஊசியே சரியாக வேலை செய்யாது, அவர்களுக்கு உடனே பலூன் வேண்டும். அதனால் வலி நின்றாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ பார்த்துவிடுவார்கள்.

பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் மட்டும் இருக்கிறவர்களும் தயங்கவேண்டாம். தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் 2023 முதல் அங்கே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடார்வாஸ்டாடின் என மொத்தம் 14 மாத்திரைகள் முதல் டோஸாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். போகும்போது 108-ஐக் கூப்பிடுங்கள், பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள்.

ஊசி போட்ட நேரம் எழுதிய அந்த ரெஃபரல் சீட்டையும், ஊசிக்கு முன்னும் பின்னும் எடுத்த ஈசிஜிகளையும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது டாக்டர் கேட்பார்.